மின்சார வாகனமும் வரிச் சலுகையும்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 பெப்ரவரி முதலாம் திகதி இலங்கையில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்ட பிறகு, ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை, பதுளை ஆகிய நகரங்களில் மின்சார வாகனம் வாங்க எண்ணும் குடும்பங்கள் பெருகியுள்ளன. அவர்களிடம் வந்து சேரும் தகவலில் பாதி அமெரிக்காவிலும் இலண்டனிலும் உள்ள உறவினர்கள் சொன்னது. மீதியில் பெரும்பகுதி தமிழ்நாட்டுக் காணொளிகளில் கேட்டது. மூன்று நாட்டுச் சட்டங்களும் ஒன்றோடொன்று கலந்துவிட்டதால், இல்லாத சலுகையை நம்பிக் கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் ஆபத்து உண்டு. உண்மையாகவே கிடைக்கக்கூடிய சலுகையைக் கேட்காமல் விட்டுவிடும் ஆபத்தும் அதற்குக் குறைந்ததல்ல. பின்வரும் பதில்கள் அந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்காக எழுதப்பட்டவை.

இலங்கையில் மின்சாரக் கார் வாங்கினால் வருமான வரியில் ஒரு தொகையைத் திரும்பப் பெற முடியுமா?

முடியாது. மின்சார வாகனம் வாங்கியதற்காகத் தனிநபர் ஒருவரின் வருமான வரியில் வரவு வைக்கும் ஏற்பாடு இலங்கையின் உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில் இல்லை. வாகனத்தின் விலைச்சிட்டையை வருமான வரி விபரத்திரட்டுடன் இணைத்து அனுப்பினாலும் அதனால் எந்தக் கழிவும் கிடைக்காது. இங்கே மின்சார வாகனத்துக்குள்ள சலுகை முழுவதும் இறக்குமதி வரியின் கட்டமைப்புக்குள் அடங்கியிருக்கிறது. நீங்கள் விலையைக் கேட்கும் போதே அது கணக்கில் சேர்ந்துவிட்டது. தனியாக விண்ணப்பிக்க எதுவும் மிஞ்சியிருக்காது.

அப்படியானால் 7,500 டொலர் என்று எல்லோரும் சொல்வது எது?

அது ஐக்கிய அமெரிக்காவின் கூட்டரசு வருமான வரியில் இருந்த வரவு. புதிய மின்சார வாகனம் வாங்கியவர், தாம் செலுத்த வேண்டிய வருமான வரியில் 7,500 டொலர் வரை குறைத்துக்கொள்ள அது இடமளித்தது. 2022 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டம் அதற்குப் பல நிபந்தனைகளைச் சேர்த்தது. வாகனம் வட அமெரிக்காவில் பொருத்தி முடிக்கப்பட்டிருக்க வேண்டும். தொகையில் பாதி மின்கலத்துக்கான கனிமங்கள் எங்கிருந்து வந்தன என்பதையும், மற்றப் பாதி மின்கலத்தின் பாகங்கள் எங்கே செய்யப்பட்டன என்பதையும் பொறுத்தது. சாதாரணக் காரின் விலை 55,000 டொலரையும், வான், பிக்கப், எஸ்.யூ.வி. வகைகளின் விலை 80,000 டொலரையும் தாண்டக்கூடாது. வாங்குபவரின் வருமானத்துக்கும் உச்சவரம்பு உண்டு: தனியாள் எனில் 150,000 டொலர், கணவன் மனைவி சேர்ந்து விபரத்திரட்டு அனுப்பினால் 300,000 டொலர். பாவித்த வாகனத்துக்கு விலையில் 30 சதவீதம், அதிகபட்சம் 4,000 டொலர் என்ற வேறொரு வரவும் இருந்தது. அந்த வாகனம் 25,000 டொலருக்கு மேற்படாததாக இருக்க வேண்டும்.

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்தின்படி, 2025 செப்டெம்பர் 30க்குப் பிறகு கொள்வனவு செய்யப்பட்ட வாகனங்களுக்கு இவ்விரண்டு வரவுகளும் இல்லை.

என் மகன் அமெரிக்காவில் அந்தத் திகதிக்கு முன் வாங்கினார். அவர் அந்த வரவைக் கோரலாமா?

கோரலாம். கட்டுப்படுத்தும் எழுத்து ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டு, முற்பணமாகவேனும் ஒரு தொகையை 2025 செப்டெம்பர் 30க்குள் செலுத்தியிருந்தால், வாகனம் கைக்கு வந்தது அதற்குப் பிறகு என்றாலும் அவருக்கு உரிமை உண்டு. எந்த ஆண்டில் வாகனத்தைப் பொறுப்பேற்றாரோ, அந்த ஆண்டுக்குரிய விபரத்திரட்டுடன் 8936ஆம் இலக்கப் படிவத்தை நிரப்ப வேண்டும். விற்பனையாளர் அந்நாட்டு வரித் திணைக்களத்துக்கு இணையவழியில் அனுப்பிய விற்பனை அறிக்கையின் பிரதி அவரிடம் இருக்க வேண்டும். அது இல்லாமல் கோரிக்கை நிற்காது. 2024 ஜனவரி முதல் வரவை விற்பனையாளருக்கே மாற்றிக்கொடுத்து விலையில் குறைத்துக்கொள்ளும் வழி இருந்தது. அவ்வாறு குறைத்துக்கொண்டவரும் அதே படிவத்தை அனுப்பியாக வேண்டும். வருமானம் உச்சவரம்பைத் தாண்டியிருந்தால் பெற்ற தொகையைத் திருப்பிக் கட்டவும் நேரிடும். ஆனால் வாங்கிய ஆண்டு, அதற்கு முந்திய ஆண்டு ஆகிய இரண்டில் எதில் வருமானம் குறைவோ அதையே கணக்கில் எடுக்கலாம்.

அங்கே வரவைப் பெற்றுக்கொண்டு வாகனத்தை இங்கே அனுப்பச் சொல்லலாமா?

தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்த வரவு, வாகனத்தைப் பிரதானமாக அமெரிக்காவில் சொந்தப் பாவனைக்கு வைத்திருப்பவருக்கு உரியது. மறுவிற்பனைக்கோ ஏற்றுமதிக்கோ வாங்கியவருக்கு உரியதன்று. உறவினரை வரிச் சிக்கலில் மாட்டிவிடுவது ஒரு பக்கம் இருக்க, அமெரிக்க வாகனத்தின் சுக்கான் இடப்பக்கம் இருப்பதால் இங்கே அதை இறக்கிப் பதிவு செய்யவும் வழியில்லை.

தமிழ்நாட்டுக் காணொளிகளில் ஒன்றரை இலட்சம் ரூபாய் கழிவு என்கிறார்களே?

அது இந்திய வருமான வரிச் சட்டத்தின் 80இஇபி பிரிவு. மின்சார வாகனக் கடனுக்குக் கட்டிய வட்டியில் ஆண்டுக்கு ஒன்றரை இலட்சம் இந்திய ரூபாய் வரை வருமானத்திலிருந்து கழிக்க அது அனுமதித்தது. 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கே அது பொருந்தும். இந்தியாவில் மின்சார வாகனங்களுக்கான பொருள் சேவை வரி 5 சதவீதம் என்பதும் அந்நாட்டு விடயமே. அந்தக் காணொளிகள் தம் நாட்டவருக்குச் சரியாகவே சொல்கின்றன. மொழி ஒன்றாக இருப்பதால் சட்டமும் ஒன்று என்று நாம் எண்ணிவிடக் கூடாது.

பிரித்தானியாவில் 2025 ஜூலையில் தொடங்கிய 3,750 பவுண் வரையான உதவியும் இத்தகையதே. 37,000 பவுணுக்கு மேற்படாத புதிய கார்களுக்கு விற்பனையாளரே விலையில் கழித்துக் கொடுப்பார். வருமான வரியுடன் அதற்குத் தொடர்பில்லை.

வரி வரவு, வருமானக் கழிவு ஆகிய இரண்டுக்கும் பணக்கணக்கில் என்ன வேறுபாடு?

மிகப் பெரிய வேறுபாடு. மாதம் 250,000 ரூபாய் சம்பளம் பெறும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 30 இலட்சம். 2025 ஏப்ரல் முதல் தனிநபர் விடுபாடு 18 இலட்சம். ஆகவே வரிக்குட்படும் வருமானம் 12 இலட்சம். முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதப்படி 60,000 ரூபாயும், அடுத்த 2 இலட்சத்துக்கு 18 சதவீதப்படி 36,000 ரூபாயுமாக, அவர் கட்ட வேண்டிய வரி 96,000 ரூபாய். இவருக்கு 6 இலட்சம் ரூபாய் வருமானக் கழிவு கிடைத்தால், வரிக்குட்படும் வருமானம் 6 இலட்சமாகி வரி 36,000 ஆகக் குறையும். அதாவது 6 இலட்சம் கழிவினால் மிஞ்சும் பணம் 60,000 ரூபாய். அதே 6 இலட்சம் வரவாகக் கிடைத்தால் 96,000 ரூபாய் வரி முழுவதும் இல்லாது போகும். எனினும் அமெரிக்க வரவைப் போல் திருப்பிக் கொடுக்கப்படாத வகையாக இருந்தால், 96,000க்கு மேல் ஒரு சதமும் கைக்கு வராது.

விளம்பரத்தில் பெரிய தொகை ஒன்றைக் காணும்போது, அது வரியில் குறைகிறதா, வருமானத்தில் குறைகிறதா, விலையில் குறைகிறதா என்று முதலில் கேளுங்கள்.

இலங்கையில் இறக்குமதி வரி எப்படிக் கணக்கிடப்படுகிறது?

2025இல் நடைமுறைக்கு வந்த விகிதங்களின்படி, நான்கு தலைப்புகளைப் பார்க்க வேண்டும். முதலாவது சுங்க இறக்குமதித் தீர்வை: 20 சதவீதமும், அத்தீர்வையில் பாதியளவு மேலதிகக் கட்டணமும் சேர்ந்து 30 சதவீதம். இரண்டாவது உற்பத்தி வரி. பெற்றோல் வாகனத்துக்கு இது இயந்திரத்தின் கொள்ளளவைப் பார்க்கிறது; முழு மின்சார வாகனத்துக்கு மோட்டாரின் வலுவைக் கிலோவாட்டில் பார்க்கிறது. மூன்றாவது சொகுசு வாகன வரி. கப்பற் கட்டணமும் காப்புறுதியும் சேர்ந்த பெறுமதி 60 இலட்சத்தைத் தாண்டும் மின்சார வாகனத்துக்கு, தாண்டிய பகுதியில் 60 சதவீதம் அறவிடப்படும். பெற்றோல் காருக்கு அந்த எல்லை 50 இலட்சம், விகிதம் 100 சதவீதம் என்பதைப் பார்த்தால், மின்சாரத்துக்குத் தரப்படும் சலுகை எங்கே இருக்கிறது என்பது தெளிவாகும். நான்காவது 18 சதவீதப் பெறுமதி சேர் வரி. இது சுங்கத் தீர்வையையும் உற்பத்தி வரியையும் கூட்டிய தொகையின் மேல் விழுகிறது. வரிக்கு மேல் வரி என்பதால், முதல் இரண்டில் குறையும் ஒவ்வொரு ரூபாயும் நான்காவதிலும் சிறிது குறைக்கும்.

ஓர் ஆண்டுக்குட்பட்ட புதிய மின்சார வாகனத்துக்கான உற்பத்தி வரி, 50 கிலோவாட் வரை ஒரு கிலோவாட்டுக்கு 18,100 ரூபாய். 50க்கு மேல் 100 வரை 24,100 ரூபாய். 100க்கு மேல் 200 வரை 36,200 ரூபாய். வாகனத்தின் வயது கூடினால் விகிதமும் கூடும். இதில் பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. வருமான வரியைப் போல் இங்கே படிப்படியாகக் கணக்கிடுவதில்லை. எந்த வகுப்பில் வாகனம் விழுகிறதோ, அந்த வகுப்பின் விகிதமே மோட்டாரின் முழு வலுவுக்கும் பொருந்தும். ஆகவே 100 கிலோவாட் மோட்டாருக்கு 24,10,000 ரூபாயும், 101 கிலோவாட் மோட்டாருக்கு 36,56,200 ரூபாயும் ஆகின்றன. ஒரே ஒரு கிலோவாட்டின் விலை பன்னிரண்டு இலட்சத்துக்கு மேல். பெறுமதி சேர் வரியையும் சேர்த்தால் பதினான்கரை இலட்சத்தையும் தாண்டும்.

50 இலட்சம் இறக்குமதிப் பெறுமதியும் 100 கிலோவாட் மோட்டாரும் கொண்ட புதிய காருக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுங்கத் தீர்வை 15 இலட்சம். உற்பத்தி வரி 24.1 இலட்சம், சொகுசு வரி இல்லை, பெறுமதி சேர் வரி ஏறத்தாழ 17 இலட்சம். வரி மட்டும் 56 இலட்சம். விற்பனையாளரின் இலாபமும் பதிவுச் செலவும் இதற்கு மேலே. விகிதங்கள் வர்த்தமானி அறிவித்தல் மூலம் மாறக்கூடியவை. ஆகவே நாணயக் கடிதம் (இறக்குமதிக்காக வங்கி கொடுக்கும் பண உறுதி) திறக்கும் நாளில் நடைமுறையில் உள்ள வர்த்தமானியை வங்கியில் கேட்டுப் பாருங்கள்.

மலைப் பாதைகளுக்குப் பெரிய மோட்டார் வேண்டாமா? வரி கூடினாலும் அதைத்தானே வாங்க வேண்டும்?

இக்கேள்விக்கு விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. மலையகத்தவர் தேவைக்கு மேல் வரி கட்டுவதற்கு இந்த எண்ணமே பெரிய காரணமாக இருக்கக்கூடும்.

ஆட்களுடன் 1,800 கிலோகிராம் எடையுள்ள காரொன்று, 100 மீற்றர் தூரத்துக்கு 8 மீற்றர் உயரும் ஏற்றத்தில் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். புவியீர்ப்பை எதிர்த்து அதை மேலே தூக்க ஏறத்தாழ 16 கிலோவாட் போதும். சக்கர உராய்வு, காற்றுத் தடை, இழப்புகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் 20 கிலோவாட்டைச் சுற்றித்தான் நிற்கும். றம்பொடை வளைவுகளிலோ ஹப்புத்தளை ஏற்றத்திலோ அதைவிட வேகமாகப் போக எவருக்கும் வழியில்லை. மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசையையும் தருவதால், பெற்றோல் வாகனத்தில் முதலாம் கியரில் உறுமிக்கொண்டு ஏறும் இடத்தைச் சிறிய மின்மோட்டார் அமைதியாகக் கடந்துவிடும். 50 கிலோவாட் மோட்டார் மலைக்குப் போதாது என்பது தவறான அச்சம். அதன் உற்பத்தி வரி 9,05,000 ரூபாய் மட்டுமே. நெடுஞ்சாலையில் வேகமாக முந்திச் செல்லும்போது அது பின்தங்கும் என்பது உண்மை. அத்தகைய பயணம் உங்களுக்கு எவ்வளவு என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

மலைக்கு உண்மையில் வேண்டியது மின்கலத்தின் கொள்ளளவு. கண்டியை விட நுவரெலியா ஏறத்தாழ 1,370 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்துக்காக மட்டும் மேற்சொன்ன காருக்கு வழமையான செலவுக்கு மேல் 7 அலகு மின்சாரம் செல்லும். இறங்கும்போது அதில் ஒரு பகுதி மின்கலத்துக்குத் திரும்பும். உச்சியில் மின்கலத்தை முழுவதும் நிரப்பிவிட்டு உடனே இறங்கினால், திரும்பும் மின்சாரத்துக்கு இடமிருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். உற்பத்தி வரி மோட்டாரின் கிலோவாட்டுக்கே தவிர, மின்கலத்தின் கிலோவாட் மணிக்கு இல்லை. எனவே சிறிய மோட்டாரும் பெரிய மின்கலமும் கொண்ட வாகனம் நமது நிலத்துக்கும் ஏற்றது, வரியிலும் இலாபமானது.

மோட்டாரின் வலுவை விற்பனையாளர் குறைத்துச் சொல்லியிருந்தால் யார் பொறுப்பு?

2025இல், 100 கிலோவாட் என்று அறிவிக்கப்பட்ட சில மின்சார வாகனங்கள் உண்மையில் 150 கிலோவாட் கொண்டவை என்ற சந்தேகத்தில் சுங்கத் திணைக்களத்தால் தடுத்து வைக்கப்பட்டன. இரண்டுக்குமிடையே உற்பத்தி வரியில் மட்டும் 30 இலட்சம் ரூபாய் வேறுபாடு என்பதால் விடயம் நீதிமன்றம் வரை சென்றது. வரியைச் சரியாக அறிவிப்பது இறக்குமதியாளரின் கடமை. ஆனால் முற்பணம் கட்டிவிட்டுக் காத்திருக்கும் வாடிக்கையாளரே தாமதத்தின் சுமையைத் தாங்க நேரிடுகிறது. ஆகவே உற்பத்தியாளரின் தொழில்நுட்ப ஏட்டில் உள்ள மோட்டார் வலுவும், சுங்கப் பிரகடனத்தில் உள்ள வலுவும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பணம் கட்டும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

இலங்கையில் ஏற்கெனவே பதிவான பழைய மின்சாரக் காரை வாங்கினால்?

இறக்குமதி வரி ஒருமுறை கட்டியாயிற்று. மீண்டும் கட்ட வேண்டியதில்லை. வருமான வரியிலும் எதுவும் கிடைக்காது.

வீட்டுக் கூரையில் சூரியப் படலம் பொருத்தினால் வரிச் சலுகை உண்டு என்பது உண்மையா?

உண்மை. இலங்கையில் மின்சார வாகனம் வைத்திருப்பவர் தம் பெயரில் கோரக்கூடிய சலுகை இதுதான் என்பதால், இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தம் வளாகத்தில் சூரியப் படலங்களைப் பொருத்தித் தேசிய மின்கட்டமைப்புடன் இணைத்த தனிநபர், அதற்குச் செலவிட்ட தொகையையோ, அதற்காக வங்கியில் பெற்ற கடனுக்குத் திருப்பிச் செலுத்திய தொகையையோ, ஒரு மதிப்பீட்டு ஆண்டில் 6 இலட்சம் ரூபாய் வரை வருமானத்திலிருந்து கழிக்கலாம். மதிப்பீட்டு ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. மேலே சம்பளக்காரரின் கணக்கில் காட்டிய 60,000 ரூபாய் மிச்சம் இவ்வழியில்தான் வரும்.

சம்பளத்திலிருந்து மாதந்தோறும் தொழில்தருநர் கழிக்கும் வரியில் இந்தக் கழிவு சேர்க்கப்படுவதில்லை. அதனால் நவம்பர் 30க்குள் விபரத்திரட்டை அனுப்பி, கூடுதலாகக் கழிக்கப்பட்டதை மீளக் கோர வேண்டும். வரி செலுத்துநர் அடையாள இலக்கம், படலம் வழங்கிய நிறுவனத்தின் விலைச்சிட்டை, பணம் செலுத்திய பற்றுச்சீட்டு அல்லது வங்கியின் கடன் கூற்று, மின்சார சபையுடனான இணைப்பு ஒப்பந்தம் ஆகியவை உங்கள் பெயரில் இருக்க வேண்டும். தந்தையின் பெயரில் மின் இணைப்பும் மகளின் பெயரில் கடனும் உள்ள வீடுகள் நம்மிடையே ஏராளம். பொருத்தும் முன்பே பெயர்களை ஒழுங்குபடுத்திக்கொள்வது நல்லது.

மூடுபனியும் மழையும் மிகுந்த நுவரெலியாவில் விளைச்சல், வெயில் நிறைந்த தாழ்நிலத்தை விடக் குறைவாகவே இருக்கும். ஆனால் வரிக் கழிவு விளைச்சலைப் பார்ப்பதில்லை; செலவையே பார்க்கிறது.

தோட்டத்து லயத்தில் வசிக்கிறேன். இதனால் எனக்கு என்ன பயன்?

நேர்மையாகச் சொன்னால், இப்போதைக்கு மிகக் குறைவு. மாதம் 150,000 ரூபாய்க்குக் கீழ் சம்பளம் பெறுபவருக்கு வருமான வரியே இல்லை என்பதால், வருமானக் கழிவுக்கும் வரவுக்கும் அங்கே வேலையில்லை. வீட்டுக்குக் காணி உறுதி இல்லாமலும், மின் இணைப்பு தமது பெயரில் இல்லாமலும் வாழும் குடும்பத்துக்குக் கூரைச் சூரியப் படலம் எட்டாத ஒன்று. இருநூறு ஆண்டுகளாக இந்த மலைகளில் உழைத்த மக்களுக்குக் காணி உரிமை கிடைப்பதே இத்தகைய சலுகைகளுக்கும் முதற்படி என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதுவரை தோட்டத்துப் பிள்ளைகள் வாங்கக்கூடிய மின்சார மோட்டார் சைக்கிளுக்கும் முச்சக்கரவண்டிக்கும் இறக்குமதி வரியைக் குறைப்பதே நியாயமான உதவியாக இருக்கும்.

எல்ல, நுவரெலியா பகுதிகளில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாகனம் ஓட்டுகிறேன். தொழிலுக்கு வாங்கினால் சலுகை உண்டா?

உண்டு, ஆனால் அது மின்சார வாகனம் என்பதற்காகக் கிடைப்பதன்று. பயணிகளைக் கொண்டு செல்லும் தொழிலிலோ வாகனத்தை வாடகைக்கு விடும் தொழிலிலோ பாவிக்கப்படும் வாகனத்தின் விலையை, மூலதனப் படியாக ஆண்டுக்குச் சம பங்காகப் பிரித்து இலாபத்திலிருந்து கழிக்கலாம். பெற்றோல் வாகனத்துக்கும் இதே விதிதான். மின்னேற்றச் செலவு, காப்புறுதி, லீசிங் வட்டி ஆகியவையும் தொழிற் செலவுகளே. பலசரக்குக் கடை நடத்துபவர் தம் சொந்தப் பாவனைக் காருக்கு இந்தப் படியைக் கோர முடியாது. வாடகைப் பயணங்களின் பதிவேட்டை ஒழுங்காக வைத்திருப்பவரின் கோரிக்கையே விசாரணையில் நிற்கும்.

மத்திய கிழக்கில் வேலை செய்தவர்களுக்கு மின்சார வாகன அனுமதிப்பத்திரம் கொடுத்தார்களே?

இறக்குமதித் தடை நிலவிய காலத்தில், 2022 மே முதல் வங்கி வழியாக வெளிநாட்டுப் பணம் அனுப்பிய தொழிலாளர்களுக்கு, அனுப்பிய தொகையில் பாதி வரை பெறுமதியான முழு மின்சார வாகனத்தை இறக்க அனுமதி வழங்கும் திட்டம் ஒன்று இருந்தது. அது தடையைக் கடப்பதற்கான அனுமதி. வரி விலக்கு அன்று. திட்டம் முடிந்துவிட்டது. வீட்டுப் பணிப்பெண்ணாக உழைத்துத் திரும்பிய சகோதரியின் கடவுச்சீட்டை அனுமதிப்பத்திரத்துக்கென்று யாராவது கேட்டால் கொடுக்க வேண்டாம்.

வரியை மீட்டுத் தருவதாகச் சொல்லி ஒருவர் முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். இறக்குமதியின்போது செலுத்திய வரியை, வாகனத்தைப் பாவிப்பவருக்கு மீளக் கொடுக்கும் திட்டம் எதுவும் இல்லை. வருமான வரியில் மீளக் கோருவதாக இருந்தால், உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகத்தில் நேரடியாகக் கோரலாம், இணையவழியிலும் கோரலாம். அதற்குக் கட்டணம் இல்லை. தமிழில் படிவம் கேட்பதும், தமிழில் பதில் பெறுவதும் உங்கள் மொழியுரிமை.

வாகனத்தை வாங்கும் நாளில் எந்த ஆவணங்களைக் கேட்டுப் பெற வேண்டும்?

சுங்கப் பிரகடனத்தின் பிரதியே முதன்மையானது. மோட்டாரின் வலு, தயாரித்த திகதி, தலைப்பு வாரியாகச் செலுத்திய வரி ஆகிய மூன்றும் அதில் இருக்கும். வாகனத்தின் வயது ஓர் ஆண்டைத் தாண்டியதா என்பதை அதிலிருந்தே உறுதிசெய்து, விலை அதற்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். சட்டக (சேசிஸ்) இலக்கத்தை வாகனத்தில் உள்ளதுடன் ஒப்பிடுங்கள். மின்கலத்துக்கான உத்தரவாதத்தை எழுத்தில் பெறுங்கள். அது இலங்கையில் செல்லுபடியாகுமா, பழுதானால் கொழும்புக்குக் கொண்டு செல்லும் செலவு யாருடையது என்பதும் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். வரி செலுத்துநர் அடையாள இலக்கம் இல்லாமல் பதிவு நடைபெறாது என்பதால், வருமான வரி கட்டாதவரும் அதை முன்கூட்டியே பெற்றுக்கொள்ள வேண்டும். அந்த இலக்கத்தைப் பெறுவதால் மட்டும் வரி கட்டும் கடமை வந்துவிடாது.